ஓகே போட்ட டிக்கெட்

அந்தக் காலத்து விமான டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்த பயணி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. முன்பக்கத்தையே பலர் எங்களிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்கள். எண்பதுகளில் மவுண்ட் ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். எழுதுவது என்றால் நிஜமாகவே எழுதுவதுதான். சிவப்பு கார்பன் தடவிய தாள்களை அடுக்கித் தைத்த சின்னப் புத்தகம் அது. மேல் தாளில் அழுத்தி எழுதினால் ஆடிட் கூப்பன், ஏஜென்ட் கூப்பன், ஃப்ளைட் கூப்பன், பயணி கூப்பன் என்று அடிவரை எழுத்து இறங்கும். அழுத்தம் போதாவிட்டால் கடைசிக் கூப்பனில் துபாய் இருக்காது. மாலையில் வீட்டுக்குப் போனால் விரல்களைப் பார்த்து, ஏதாவது அச்சகத்தில் வேலையா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒப்பந்த நிபந்தனைகள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில், வேறு படிக்க எதுவும் இல்லாததால் அவற்றைப் படித்தேன். கால அட்டவணையில் சொன்ன நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அந்த நேரம் ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல. முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை மாற்றலாம், உங்களை வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அவசியம் ஏற்பட்டால், இறங்குவதாகச் சொன்ன ஊரில் இறங்காமலும் போகலாம். நிறுவனம் தன் பங்குக்கு, பயணியையும் அவர் மூட்டையையும் நியாயமான வேகத்தில் கொண்டுசேர்க்க இயன்றவரை முயலும். டிக்கெட்டுக்கு வாங்கிய பணம் மட்டும் முயற்சியில் சேராது. அதை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

அதே புத்தகத்தில் இன்னொரு தாளில் வார்சா உடன்படிக்கை பற்றிய அறிவிப்பு இருந்தது. 1929-இல் நாடுகள் கூடிச் செய்துகொண்டது. பெட்டி தொலைந்தால் கிலோவுக்கு 20 டாலர். அமெரிக்கா சம்பந்தப்படாத பயணங்களில் ஆள் போனால் பெரும்பாலும் 10,000 டாலரோ 20,000 டாலரோ. ஆக, செத்தால் ஒரு விலை, பெட்டி தொலைந்தால் ஒரு விலை. ஆளும் பெட்டியும் பத்திரமாக இருந்து, கையில் உறுதி செய்த டிக்கெட்டோடு கவுண்டருக்கு வெளியே நிற்க, விமானம் மட்டும் கிளம்பிப் போனால் அதற்கு என்ன விலை என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. எங்கள் மேனேஜரிடம் கேட்டேன். "அது விபத்து இல்லையேப்பா, வழக்கம்தானே?" என்றார்.

டிக்கெட்டில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஓகே என்று எழுதினால் இடம் உறுதி. ஆர்க்யூ என்று எழுதினால் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வரும் பயணிகளுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும். "ஓகே போட்டாச்சா சார்?" என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைப்பார்கள். போட்ட ஓகே போதாது என்பதையும் நாங்கள்தான் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்னால் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, "வருகிறேன், நிச்சயமாக வருகிறேன்" என்று சொல்லியாக வேண்டும். இதற்கு ரீகன்ஃபர்ம் என்று பெயர். சொல்லாவிட்டால் அந்த இடத்தை ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஊரில் போன் இல்லாதவர்கள் இதற்காகவே பஸ் ஏறி மதராஸ் வருவார்கள்.

இவ்வளவு உறுதிமொழிக்குப் பிறகும் ஏன் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றார்கள் என்றால், அதில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரே ஆளுக்கு செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாளும் இடம் போட்டு வைப்பது தொழிலில் சகஜம். விசா எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? போகாத விமானத்துக்கு அபராதம் இல்லை; முழுக் கட்டண டிக்கெட் ஒரு வருஷம் செல்லுபடியாகும். வியாபாரிகள் காலை விமானம், மாலை விமானம் இரண்டிலும் பெயரைப் போட்டுவிட்டு, கூட்டம் முடிவதைப் பொறுத்து ஏறுவார்கள். நிறுவனங்களும் லேசுப்பட்டவை அல்ல. கல்யாண வீட்டில் எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு இலை வாங்குகிற பெரியவர் மாதிரி, நூறு இருக்கைக்கு நூற்றைந்தோ நூற்றுப்பத்தோ விற்றார்கள். பெரும்பாலான நாள் கணக்கு சரியாக வரும். தப்பும் நாளில், பந்தியில் எழுந்து நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் கீழக்கரைக்காரராக இருக்கும். பிரீஃப்கேஸ் வைத்திருப்பவர் ஆஃப்லோடு ஆனதை நான் அதிகம் கண்டதில்லை.

புதுக்கோட்டைப் பையன் ஒருவனுக்கு இப்படி நடந்தது. வளைகுடாவில் வேலை, என்.ஓ.சி. என்ற நுழைவு அனுமதி முடிய இரண்டு நாள்தான் பாக்கி. எமிக்ரேஷன் முத்திரை, ஓகே, ரீகன்ஃபர்ம் எல்லாம் ஆகியிருந்தது. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தராசில் வைத்த பிறகு, விமானம் நிரம்பிவிட்டது, அடுத்த விமானம் நான்கு நாள் கழித்து என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய அப்பா எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். பேசவில்லை, அழுதார். மேனேஜர் என்னை ஆட்டோவில் அனுப்பினார்.

டியூட்டி ஆபீசர் என்பவர் அந்தக் காலத்தில் ஒரு சிறு ராஜா. அவர் மேஜையில் பயணிகள் பட்டியல், கையில் சிவப்புப் பென்சில். நான் ஒப்பந்தம், நிபந்தனை என்று எதுவும் பேசவில்லை. பேசினால் எங்கள் பக்கம் நியாயம் குறைந்துபோகும் என்று அந்தத் தாளைப் படித்த எனக்குத் தெரியும். "சார், பையனோட அக்கா நகையை வச்சுத்தான் டிக்கெட்டே வாங்கினாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஒரு பெயரை அடித்தார், இவன் பெயரை எழுதினார். பையனின் அப்பா அவர் காலில் விழப்போனார். ஆபீசர், "நேரமாச்சு, பெட்டியை எடுத்துட்டு ஓடச் சொல்லுங்க" என்றார். அடிபட்ட பெயர் யாருடையது, அவருக்கு என்.ஓ.சி. எத்தனை நாள் பாக்கி என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

நாங்கள் மீனம்பாக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு வெகு முன்பே அமெரிக்காவில் ஒருவர் இதற்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ரால்ஃப் நேடர். கார்களின் பாதுகாப்புக் குறைகளை எழுதி மோட்டார் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர். 1972 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு ஒரு கூட்டத்தில் பேசப் போக வேண்டியிருந்தது. அலெகெனி ஏர்லைன்ஸ்காரர்கள் இடமில்லை என்றார்கள். 100 இருக்கைக்கு 107 பேருக்கு உறுதி சொல்லியிருந்தார்கள். அன்றைய விதிப்படி ஏதோ 32 டாலர் சில்லறை இழப்பீடு நீட்டினார்கள், வாங்க மறுத்தார். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, தேடிப்பிடித்து நேடரை இறக்கிவிட்ட அந்தக் கவுண்டர்காரரின் ராசியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொழில்முறை அனுதாபம் வரும். 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இடத்துக்கு மேல் விற்கிறோம் என்பதை மறைத்து உறுதி என்று சொன்னது மோசடி என்று அவர் வழக்காடலாம், ஒழுங்குமுறை வாரியம் இருப்பதால் அந்த வழி அடைபடாது என்று சொன்னது. அதற்குப் பிறகு அமெரிக்க டிக்கெட்டுகளில் ஒரு வாசகம் ஏறியது: விமானங்களில் இடத்துக்கு மேல் பதிவு நடக்கலாம், உறுதி பெற்றவருக்கும் இடம் இல்லாமல் போக ஒரு சிறு வாய்ப்பு உண்டு என்ற பொருளில். மறைத்தால்தானே மோசடி? சொல்லிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் கதை இன்னும் அழகு. பெர்முடா போக வேண்டிய ஒரு பயணிக்கு பி.ஓ.ஏ.சி. நிறுவனம், உங்கள் இடம் உறுதி என்று கடிதமே எழுதியிருந்தது. 1973-இல் அவரை ஏற்றாமல் விட்டார்கள். பொய்யான வணிக விவரம் தந்ததாக வழக்கு வந்து, பிரபுக்கள் சபை வரை போனது. கடிதத்தில் சொன்னது பொய்தான் என்று பிரபுக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் பி.ஓ.ஏ.சி. இணைந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகிவிட்டது. கடிதம் எழுதியவர் இல்லை, இருப்பவர் எழுதவில்லை. ஆகவே குற்றவாளி இல்லை. இதைப் படித்த அன்று எங்கள் டியூட்டி ஆபீசரின் சிவப்புப் பென்சில் எவ்வளவு நாணயமான கருவி என்று தோன்றியது.

ஜூலியன் சைமன் என்றொரு பொருளாதார அறிஞர் 1968-லேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார். இடம் போதாவிட்டால் யாரையும் பிடித்துத் தள்ளாதீர்கள், என்ன பணம் கொடுத்தால் இறங்கிக்கொள்வீர்கள் என்று பயணிகளையே கேளுங்கள், குறைவாகக் கேட்பவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நடக்காத காரியம் என்று நிறுவனங்கள் ஒதுக்கின. ஆல்ஃப்ரட் கான் அமெரிக்க விமான வாரியத்துக்குத் தலைவராக வந்த பிறகு, 1978-இல் முதலில் விருப்பப்பட்டு இறங்குபவர்களைக் கேட்டாக வேண்டும் என்று விதியே ஆனது. நடந்தது. நன்றாகவே நடந்தது. பத்துப் பேர் முன்னால் கையைத் தூக்கி ஏலம் போவதில் கௌரவம் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்களுக்குப் பயணிகளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஐரோப்பாவில் 1991-இல் ஒரு விதி, 2004-இல் அதைவிடக் கடுமையாக ஒன்று. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. நம் ஊரில் 2010 ஆகஸ்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., முதல் தடவையாக ரூபாய்க் கணக்கில் இறங்கியது. பறக்கும் நேரத்தைப் பொறுத்து 2,000, 3,000, 4,000 ரூபாய். டிக்கெட் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த விலை. 2016-இல் தொகை ஏறியது. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கொடுத்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000. அதற்கு மேல் தாமதித்தால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுதும் திரும்ப, அதோடு அந்த நான்கு மடங்கும். அடிப்படைக் கட்டணம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வரி, விமான நிலையக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று நீங்கள் அழுத மற்றவற்றுக்கு மடங்கு கிடையாது.

அதே விதியில், பயணிகள் பல விமானங்களில் இடம் போட்டுவிட்டு ஒன்றில்தான் வருகிறார்கள், இருக்கை காலியாகப் போகக்கூடாது என்று நிறுவனங்கள் ஓரளவு கூடுதலாகப் பதிவு செய்கின்றன என்று ஒரு முன்னுரை இருக்கிறது. எங்கள் மவுண்ட் ரோடு ஆபீசின் பழக்கத்தை மத்திய அரசு ஆவணத்தில் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இன்று எந்த மலிவு டிக்கெட்டை நீங்கள் மூன்று நாளுக்குப் போட்டு வைப்பீர்கள்? வராதவருடைய பணம் திரும்புவதில்லை. வரியைத் தவிர எல்லாம் போச்சு. அதாவது வராதவர் இருக்கைக்கு முழுக் காசும் வந்துவிட்டது. அதற்கு மேல் அதே இருக்கையை இன்னொருவருக்கும் விற்கிறார்கள். காரணம் மறைந்து வெகு காலமாகியும் வழக்கம் மட்டும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தில்லி உயர் நீதிமன்றம், அந்த முன்னுரை வெறும் விளக்கம்தான், கூடுதலாக விற்க அது சட்ட அனுமதி ஆகாது, உச்சவரம்புக்கு மேலும் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் மன்றம் போகலாம் என்று சொன்னது. போகலாம். மன்றத்துக்குத் தேதி வாங்க எந்த ஏஜென்ட்டைப் பிடிப்பது என்பதை மட்டும் தீர்ப்பு சொல்லவில்லை.

விதி எழுதியதோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. ஏற்றாமல் விட்ட பயணிகளுக்கு இழப்பீடு தரவில்லை என்று 2022-இல் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2017 ஏப்ரலில் சிகாகோவில் நடந்ததை எல்லோரும் போனில் பார்த்தோம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானம், லூயிவில் போக வேண்டியது. நான்கு சிப்பந்திகளை ஏற்ற இடம் வேண்டும். 400 டாலர், பிறகு 800 டாலர் என்று ஏலம் போனது, யாரும் எழவில்லை. கணினி நான்கு பேரைப் பொறுக்கியது. அதில் ஒரு டாக்டர், நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார். பாதுகாப்பு ஆட்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, ரத்தம் வழிய நடுவழியில் இழுத்துப் போனார்கள். அதற்கப்புறம் அந்த நிறுவனம் ஏலத்தின் உச்சத்தை 10,000 டாலர் என்று உயர்த்தியது. எண்ணூறில் நிறுத்தியவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள் என்று சைமனைப் படித்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

இத்தனையும் தெரிந்தவன் என்ற தைரியத்தில்தான் சமீபத்தில் மனைவியோடு ஹைதராபாத்துக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். வெப் செக்-இன் வீட்டிலேயே முடித்தோம். இலவச இருக்கை என்று எதுவும் திரையில் இல்லை. பணம் கட்டி ஜன்னல் வாங்க மனம் வரவில்லை. இருக்கை எண் விமான நிலையத்தில் தரப்படும் என்று வந்தது. மனைவி அதைப் பார்த்து, "ஓகே போடலையாங்க?" என்றாள். என்னோடு குடித்தனம் செய்த பழக்கம்.

கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். "சார், ஃப்ளைட் ஃபுல். உங்க ரெண்டு பேரையும் நெக்ஸ்ட் ஃப்ளைட்ல போடறோம்" என்றாள்.

"வாலண்டியர் யாராவது இருக்காங்களான்னு முதல்ல கேட்கணுமே, கேட்டீங்களாம்மா?" என்றேன்.

"சார்?"

டி.ஜி.சி.ஏ. விதியைச் சொன்னேன். பிரிவு, தொடர், பாகம் எல்லாம் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னை வக்கீல் என்று நினைத்துக் கொஞ்சம் விலகி நின்றார்கள். அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. "ஓவர்புக்கிங் இல்ல சார், ஏர்கிராஃப்ட் சேஞ்ச். ஆபரேஷனல் ரீசன்" என்றார். "சரி, எழுதிக் கொடுங்க" என்றேன். அவரால் எதையும் எழுத முடியாதாம். அவர் கையில் பேனாவே இல்லை. கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள், இல்லை செயலியில் சாட் இருக்கிறது என்றார். நான் அவருடைய ஊரைக் கேட்டேன். திருவள்ளூர் என்று சொல்லிவிட்டு, "ஏன் சார்?" என்றார். பழக்கம் என்றேன்.

சாட்டில் ஒரு பெண் பெயர் கொண்ட இயந்திரம் வணக்கம் சொன்னது. என் பிரச்சினையை எழுதினேன். உங்கள் பயணத்தேதியை மாற்ற விரும்புகிறீர்களா என்றது. இல்லை என்றேன். சாப்பாடு முன்பதிவு செய்ய விரும்புகிறீர்களா என்றது. மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினேன். அனைத்து முகவர்களும் வேலையில் இருப்பதாகச் சொல்லி, அதுவரை எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாற்று விமானம் எங்கள் பழைய விமானத்தின் நேரத்திலிருந்து 55 நிமிடம் கழித்து. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்புவதாகத் திட்டமிட்ட விமானத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் இழப்பீடு எதுவும் கிடையாது. விதியின் முதல் வரி அதுதான். அந்த விமானம் உண்மையில் எப்போது கிளம்புகிறது என்பதைப் பற்றி அந்த வரிக்குக் கவலை இல்லை. அது தாமதமானது. இவ்வளவு குறுகிய பயணத்தில் தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் சிற்றுண்டி தர வேண்டும். பலகையில் நேரம் பத்துப் பத்து நிமிடமாக நகர்ந்து, அந்த எல்லைக்குச் சற்று முன்பாக நின்றது. இந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர் நான் படித்த அதே பொடி எழுத்துகளை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார். சிவப்புப் பென்சில்காரருக்கு ஊர் பெயர் தெரிய வேண்டியிருந்தது. இவருக்கு நிமிடம் தெரிந்தால் போதும்.

நாங்கள் இருவரும் சேர்ந்ததால் இந்த விமானத்திலும் இடம் நெருக்கடியாகிவிட்டது போலும். கேட்டில் மைக்கில், விருப்பமுள்ளவர்கள் இரவு விமானத்தில் போகலாம், வவுச்சர் தரப்படும் என்றார்கள். ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் அறிவிப்பு முடிவதற்குள் எழுந்து போனான். முதலில் சொன்ன தொகைக்குத் தலையாட்டவில்லை. ஏதோ பேசினான், சிரித்தான், திரும்பி வருவதுபோல் இரண்டடி வைத்தான். கூப்பிட்டார்கள். வவுச்சரோடு சாண்ட்விச்சும் ஜூஸும் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு அவசரம் இல்லையாப்பா?" என்றேன்.

"இல்ல அங்கிள். நான் எப்பவும் ஃபுல்லாகற ஃப்ளைட்டாப் பார்த்துதான் போடுவேன். எப்படியும் வாலண்டியர் கேப்பாங்க. போன தடவை வவுச்சர்லதான் இந்த டிக்கெட்டே."

நான் சட்டத்தையும் நேடரையும் அவனுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி என்னைத் தாண்டிக் குனிந்து அவனிடம் கேட்டாள்.

"எந்தெந்த ஃப்ளைட் தம்பி ஃபுல்லாகும்?"

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆன்ட்டி. அப்புறம் லாங் வீக்கெண்ட் முடியற அன்னிக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம ரிட்டர்ன் செவ்வாய்க்கிழமைதானே போட்டிருக்கீங்க? மாத்த முடியுமான்னு அந்த சாட்ல கேளுங்க."